மனோரி மணல் யாருக்குச் சொந்தம்?

மும்பை தாராவியில் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்தொன்றில் குடியிருக்கும் ஒரு குடும்பம், ஞாயிற்றுக்கிழமை கடலில் குளித்து வர வேண்டும் என்று விரும்பினால் அதற்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. மாகிமில் மின்சார ரயில் ஏறி மலாடில் இறங்க வேண்டும். அங்கிருந்து பேருந்தில் மார்வே படகுத்துறை. சில நிமிடங்களில் படகு கழிமுகத்தைக் கடந்துவிடும். அக்கரையில் மனோரி. மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் செல்வோருக்கும் பயணத்தின் கடைசிக் கட்டம் இந்தப் படகுதான்.

மனோரியில் பார்ப்பதற்கென்று எதுவும் கட்டி வைக்கப்படவில்லை. சில சிறு விடுதிகள், தென்னையும் சவுக்கும், கோலி மீனவர்களின் குடியிருப்புகள், கிழக்கிந்தியக் கிறிஸ்தவர்களின் பழைய வீடுகள், பிறகு மணல், பிறகு கடல். வடக்கே கோராய், உத்தன் கிராமங்களை நோக்கிச் சென்றால், மூங்கில் பந்தல்களில் 'போம்பில்' மீன்கள் வரிசையாகத் தொங்கிக் காய்வதைக் காணலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது, வேலி கிடையாது. இந்த 'எதுவும் இல்லாமை'தான் இக்கடற்கரையின் பெருமை. அதுவே இன்று அதற்கு ஆபத்தாகவும் மாறியிருக்கிறது. ஏனெனில், கட்டடம் எழாத நிலத்தைப் பயன்படாத நிலம் என்று கருதுவது நமது திட்டமிடுவோரின் வழக்கம்.

மும்பைக்குக் கடற்கரைப் பஞ்சம் இல்லையே என்று கேட்கலாம். கிர்காவ், தாதர், ஜூஹு என்று பெயர் பெற்ற கடற்கரைகள் நகருக்குள்ளேயே இருக்கின்றன. மாலை நேரத்தில் காற்று வாங்கவும் பேல்பூரி தின்னவும் அவை உகந்தவை. குளிப்பதற்கு அவை உகந்தவையா என்பதுதான் கேள்வி. குளிக்கத் தகுந்த கடல்நீரில் 100 மில்லி லிட்டருக்கு மலக் கோலிபார்ம் கிருமிகளின் அளவு 100-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த அளவுகோல். நகரின் கழிவுநீர் கலக்கும் இக்கடற்கரைகளில் அந்த வரம்பு மீறப்படுவதை மாநில வாரியத்தின் அளவீடுகளே பலமுறை காட்டியிருக்கின்றன.

இரண்டரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்பில் பல லட்சம் பேர் வாழும் தாராவியில், நூறு, நூற்றைம்பது சதுர அடி அறையே ஒரு குடும்பத்தின் முழு வீடாக இருக்கிறது. அந்த அறையில் வளரும் பிள்ளைக்கு ஓடுவதற்கும் உரக்கக் கத்துவதற்கும் கட்டணமின்றிக் கிடைக்கும் வெட்டவெளி எத்தனை இருக்கிறது? வசதி படைத்தவர் அலிபாகில் தோட்ட வீடு வாங்கலாம். கோவாவுக்கு விமானம் ஏறலாம். படகுக் கூலியை எண்ணிக் கொடுப்பவருக்கு மனோரிதான் உண்டு. கட்டடம் எழாத கடற்கரை என்பது செல்வந்தரின் அழகுணர்ச்சி சார்ந்த விஷயம் என்று எண்ணுவோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்வே படகுத்துறையில் நின்று பார்க்க வேண்டும்.

இந்தக் கடற்கரை இதுவரை தப்பியதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இடையில் கிடக்கும் கழிமுகம். தரைவழியே வருவோர் பயந்தரைச் சுற்றிக்கொண்டு உத்தன் வழியாகத்தான் வர வேண்டும். இரண்டாவது, உள்ளூர் மக்களின் எதிர்ப்பு. சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் 2005-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சில ஆண்டுகளுக்குள், கோராய், மனோரி, உத்தன் கிராமங்களை உள்ளடக்கிப் பல ஆயிரம் ஹெக்டேரில் பொழுதுபோக்கு மண்டலம் அமைக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. மீனவர்களும் விவசாயிகளும் திரண்டு எதிர்த்தனர். திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. மூன்றாவது, கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை.

இம்மூன்றுமே இப்போது தளர்ந்து வருகின்றன. வெர்சோவாவிலிருந்து தகிசர் வழியாகப் பயந்தர் வரை கடலோரச் சாலையை நீட்டும் பணியில் மும்பை மாநகராட்சி இறங்கியிருக்கிறது. மார்வேக்கும் மனோரிக்கும் இடையே பாலம் கட்டும் யோசனையும் பேசப்பட்டு வருகிறது. நாளொன்றுக்கு 20 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு மனோரி தேர்வு செய்யப்பட்டுள்ளது. பின்னர் அதை 40 கோடி லிட்டராக உயர்த்துவது திட்டம். கழிமுகத்தின் தென்கரையில், அக்ஸா கடற்கரையில் மணலின்மீது எழுப்பப்பட்ட தடுப்புச் சுவர் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. கடலரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டினால் மணல் என்னவாகும் என்பதைப் புதுச்சேரி ஏற்கெனவே கற்றுக்கொடுத்திருக்கிறது. 1980-களின் இறுதியில் அங்கு துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் வந்தபின் வடபுறம் மணல் சேர்வது நின்றுபோய், நகரின் முன்னிருந்த கடற்கரை மறைந்து, அவ்விடத்தில் பாறைகளே மிஞ்சின.

இவற்றைவிடக் கவலை தருவது, கடற்கரைக்குக் காவலாக இருந்த விதி தில்லியில் மாறிவரும் விதம்தான். 1981 நவம்பரில் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாநில முதல்வர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். உயர் அலை தொடும் இடத்திலிருந்து குறைந்தது 500 மீட்டர் வரை கடற்கரையில் எத்தகைய நடவடிக்கையும் கூடாது என்பது அதன் சாரம். பத்தாண்டுகள் கழித்து, 1991 பிப்ரவரி 19 அன்று, சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986-இன் கீழ் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியானது. ஊரகக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிய கட்டடங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது அப்போதுதான்.

அந்த அறிவிக்கை அடுத்த இருபது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட முறை திருத்தப்பட்டது. 2011-இல் அதற்குப் பதிலாகப் புதிய அறிவிக்கை வந்தது. மும்பையின் கோலிவாடாக்களை வரையறுத்துப் பாதுகாக்கவும், நகரின் திறந்தவெளிகளைக் காக்கவும் அதில் தனிப் பிரிவு இருந்தது. பிறகு 2019 ஜனவரி 18 அன்று மூன்றாவது அறிவிக்கை வெளியிடப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரைகளில், மேலாண்மைத் திட்டம் ஒப்புதல் பெற்றால், கட்டடத் தடைப் பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறையும் என்கிறது இது. கழிமுகங்களின் ஓரம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட அகலம் 100 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கப்பட்டது. தடைப் பகுதிக்குள்ளும் கடற்கரையிலும் தாற்காலிகச் சுற்றுலா வசதிகளுக்கு அனுமதி உண்டு. அவை உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் தள்ளியிருந்தால் போதும்.

1981-இல் 500 மீட்டர், 1991-இல் 200 மீட்டர், 2019-இல் 50 மீட்டர். நாற்பதாண்டுகளில் கடல் பின்வாங்கவில்லை, விதிதான் பின்வாங்கியிருக்கிறது.

இதில் நாடாளுமன்றத்தின் பங்கு என்ன? ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பதே விடை. வனவிலங்குகளைக் காக்க 1972-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. காடுகளைக் காக்க 1980-இல் இயற்றியது. காடுவாழ் மக்களின் உரிமைகளுக்காக 2006-இல் இயற்றியது. நீண்ட கடற்கரை உள்ள நாட்டில் அக்கடற்கரைக்கென்று ஒரு சட்டத்தை இரு அவைகளும் விவாதித்து நிறைவேற்றியதில்லை. அமைச்சகம் வரைவை வெளியிடுகிறது. குறிப்பிட்ட நாள்களுக்குள் கருத்துக் கேட்கிறது. பிறகு அரசிதழில் அறிவிக்கிறது. எந்த உறுப்பினர் ஆதரித்தார், எவர் எதிர்த்தார் என்பதற்கு அவைக்குறிப்பில் வாக்குப் பதிவு இல்லை. உறுப்பினர்களின் கேள்விகளும் அமைச்சரின் எழுத்துமூலப் பதில்களுமே மிஞ்சுகின்றன.

இந்திரா காந்தி கடிதம் எழுதிய அதே 1981-ஆம் ஆண்டில், அண்டை நாடான இலங்கையின் நாடாளுமன்றம் கடலோரப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அங்கும் மீறல்கள் உண்டு. ஆனாலும் அது அவையில் வைத்து நிறைவேற்றப்பட்ட சட்டம்; திருத்துவதானாலும் அவைக்கு வந்தாக வேண்டும். சட்டமாக இருந்தால் மட்டும் காப்பு உறுதியாகிவிடுமா என்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. வனப் பாதுகாப்புச் சட்டமே 2023-இல் திருத்தப்பட்டது. ஆயினும் அத்திருத்தம் கூட்டுக் குழுவின் பரிசீலனைக்குச் சென்றது. உறுப்பினர்களின் மாற்றுக் கருத்துகள் ஆவணமாகப் பதிவாயின. அரசிதழ் அறிவிக்கைக்கு அந்தக் குறைந்தபட்சச் சோதனையும் இல்லை.

நீதிமன்றங்கள் ஓரளவு துணை நின்றிருக்கின்றன. 1996 டிசம்பர் மாதத்தில் இரண்டு நாள் இடைவெளியில் உச்சநீதிமன்றம் வழங்கிய இரண்டு தீர்ப்புகள் இங்கு நினைவுகூரத் தக்கவை. ஒன்று, தமிழகத்தின் காந்தியத் தொண்டர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிரான தீர்ப்பு. மற்றொன்று, இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றங்கரை விடுதி தொடர்பான வழக்கில் வந்த தீர்ப்பு. கடல், ஆறு, காற்று, காடு போன்றவற்றுக்கு அரசு உரிமையாளர் அல்ல, பொதுமக்களின் சார்பில் அறங்காவலர் என்ற கோட்பாட்டை அது நமது சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அறங்காவலர் கோயில் நிலத்தை விற்க முடியாது என்பதை அறிந்த தமிழருக்கு இக்கோட்பாட்டைத் தனியே விளக்கத் தேவையில்லை. அலையாத்திக் காடுகளை வெட்டுவதற்கு உயர்நீதிமன்றத்தின் அனுமதி தேவை என்ற நிலையை 2018-இல் மும்பை உயர்நீதிமன்றம் உறுதிப்படுத்தியதும் இந்த வழியில்தான். ஆனால், ஒவ்வொரு மணல்திட்டுக்கும் ஒரு வழக்குத் தொடுக்க எத்தனை மீனவர்களால் இயலும்?

கரையை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பைத் தமிழர் வெளியே சான்று தேட வேண்டியதில்லை. மனோரி, கோராய், உத்தன் அமைந்துள்ள நிலப்பகுதிக்கு 'தாராவி தீவு' என்றே பழைய பெயர். தமிழர் வாழும் தாராவியும் ஒரு காலத்தில் மீனவர் கிராமமாக இருந்ததுதான். மாகிம் கழிமுகத்தின் ஓரத்தில் சதுப்பு நிலமும் அலையாத்தி மரங்களும் சூழ்ந்த கோலிவாடா அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலாளர் வந்து குடியேறியபோது, பக்கத்தில் நீர் இருந்தது. நகரம் சதுப்பைத் தூர்த்துத் தூர்த்து வளர்ந்தது. கோலிவாடா என்ற பெயர் இன்னும் நிற்கிறது. கடல் விலகிப் போய்விட்டது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியபோது, நெருக்கப்பட்ட மித்தி நதி போக்கிடமின்றிக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. நகரில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். கரையோரத்தை வெற்றிடம் என்று கருதியதன் விலை அது. ஒரு தாராவி ஏற்கெனவே கடலை இழந்தது. இன்னொன்றும் இழக்க வேண்டுமா?

எதிர்வாதங்களை ஒதுக்கிவிட முடியாது. பாலம் வேண்டாம் என்று சொல்ல நகரவாசிக்கு என்ன உரிமை என்று மனோரிக்காரர் கேட்டால் அது நியாயமான கேள்வி. நள்ளிரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப் படகை நம்பியிருப்பவருக்குத்தான் அந்த வலி தெரியும். சாலையும் மருத்துவமும் குடிநீரும் அம்மக்களின் உரிமை. கடற்கரையில் அடுக்குமாடி விடுதி கட்டுவதற்கு அந்த உரிமையைச் சாக்காகக் காட்டுவதுதான் தவறு.

வீட்டுவசதி வாதம் இன்னும் கூர்மையானது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் அங்கேயே வீடு பெறத் தகுதியில்லை என்று ஒதுக்கப்படுவோருக்காக, மலாடை ஒட்டிய அக்ஸா, மால்வணிப் பகுதிகளில் சுமார் 140 ஏக்கர் நிலத்தை ஒதுக்க 2024 அக்டோபரில் மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தது. கடற்கரையைக் காக்க வேண்டும் என்போர் ஏழைகளின் வீட்டுக்கு எதிரானவர்கள் என்று இனிச் சொல்லப்படும். உண்மை அதற்கு நேர்மாறானது. பிழைப்பிடத்தை விட்டுப் பல மைல் தள்ளிக் குடியமர்த்தப்படும் குடும்பத்துக்கு, அருகே எஞ்சியிருக்கக் கூடிய ஒரே ஆறுதல் அந்தத் திறந்த கடற்கரைதான். அதையும் சுவரும் விடுதியும் விழுங்கிவிட்டால், தாராவியில் இழந்ததற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைப்பது என்ன? வீடு மக்களின் உரிமை. கரையும் மக்களின் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வாதம் உயிர் பற்றியது. யாருமில்லாத கடற்கரையில் குளிப்பது இன்பம். யாருமில்லாத கடற்கரையில் தடுமாறினால் மரணம். மும்பைக் கடலில் அலையின் ஏற்ற இறக்கம் பெரிது. உயர் அலை நான்கரை மீட்டரைக் கடக்கும் நாள்களில் மாநகராட்சி எச்சரிக்கை விடுக்கிறது. அக்ஸாவின் அடிநீரோட்டத்தில் இளைஞர்கள் பலர் உயிரிழந்திருக்கின்றனர். பிபர்ஜாய் புயல் அரபிக் கடலில் நிலைகொண்டிருந்த 2023 ஜூனில் ஜூஹுவில் சிறுவர்கள் நால்வர் மூழ்கினர். ஜூஹு தனித்த கடற்கரை அல்ல. விடுதிகளும் விளக்குகளும் நிறைந்த இடம். ஆகவே, கட்டடங்கள் உயிரைக் காப்பதில்லை, காவல்தான் காக்கிறது. பருவமழைக் காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை நீரில் இறங்கத் தடை, மற்ற மாதங்களில் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர்கள், மராத்தியிலும் ஹிந்தியிலும் தமிழிலும் எச்சரிக்கைப் பலகைகள் - இவற்றுக்குச் சிமென்ட் தேவையில்லை. நீரில் மூழ்கி இறப்பதைத் தடுப்பது குறித்து 2021-இல் ஐ.நா. பொதுச் சபை தீர்மானம் நிறைவேற்றியது. மத்திய சுகாதார அமைச்சகமும் 2023-இல் இதற்கெனச் செயல்திட்டம் வெளியிட்டது. உள்ளூர்க் கோலி இளைஞர்களை இப்பணியில் அமர்த்தினால், சுற்றுலா தரும் என்று சொல்லப்படும் வேலைவாய்ப்பில் ஒரு பகுதி உடனே கிடைத்துவிடும்.

தூய்மைக்கும் இதே விதி பொருந்தும். வெர்சோவா கடற்கரையில் 2015 அக்டோபரில் வழக்குரைஞர் அஃப்ரோஸ் ஷா தொடங்கிய குப்பை அகற்றும் பணியில் ஆயிரக்கணக்கானோர் வாரந்தோறும் கைகொடுத்தனர். 2018 மார்ச் மாதம் அங்கு ஆமைக் குஞ்சுகள் கடலை நோக்கி ஊர்ந்து சென்றன. எந்த விடுதியும் அதைச் செய்யவில்லை. சென்னையை அடுத்த கோவளம் 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது நல்ல செய்திதான். ஆனால், எல்லாக் கடற்கரைக்கும் ஒரே அச்சில் நடைபாதையும் குடையும் சாய்வு நாற்காலியும் வைக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. சில கடற்கரைகள் மீன் காய வைக்கும் இடமாகவும், பிள்ளைகள் மணலில் புரளும் இடமாகவும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

மீனவர் சொல்லைக் கேட்டால் திட்டங்களும் கெட்டுவிடாது. மும்பைக் கடலோரச் சாலையின் பாலத்தில் தூண்களுக்கிடையே 60 மீட்டர் இடைவெளி போதும் என்றனர் பொறியாளர்கள். படகுகள் மோதும் என்றனர் ஒர்லி மீனவர்கள். நெடிய போராட்டத்துக்குப் பின் 2022 இறுதியில் 120 மீட்டர் இடைவெளிக்கு அரசு இசைந்தது. 2024 மார்ச்சில் சாலையின் முதல் பகுதி திறக்கப்பட்டது. கேட்டதனால் சாலை நின்றுபோகவில்லை. முதலிலேயே கேட்டிருந்தால் காலம் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவானது. மாநகராட்சி மனோரிக்கு நல்ல படகுச் சேவை, இரவிலும் இயங்கும் நீர்வழி ஆம்புலன்ஸ், கழிப்பறை, உயிர்காப்பாளர் ஆகியவற்றைத் தர வேண்டும். மாநில அரசு கடற்கரையின் எல்லையை மீனவர்களோடு சேர்ந்து அளந்து, வரைபடத்தை மராத்தியில் வெளியிட வேண்டும். மத்திய அரசு கடலோரப் பாதுகாப்பையும் மீனவரின் வாழ்வுரிமையையும் ஒருசேர உறுதிசெய்யும் மசோதாவை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்து, நிலைக்குழுவுக்கு அனுப்பி, விவாதித்துச் சட்டமாக்க வேண்டும். கட்டடத் தடைப் பகுதி 50 மீட்டரா, 200 மீட்டரா என்பதை, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மக்கள் முன்னிலையில் கைதூக்கிச் சொல்லட்டும்.

மும்பையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் மக்களவைக்குச் செல்லும் உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி எழுப்ப வேண்டிய கோரிக்கை இது. மனோரிக்கு நேர்வது நாளை முட்டத்துக்கும் மணப்பாட்டுக்கும் தனுஷ்கோடிக்கும் நேரலாம். அரசிதழில் அடுத்த அறிவிக்கை வெளியாகும்வரை காத்திருந்தால், கருத்துச் சொல்ல அவகாசம் இருக்கும். காப்பாற்றக் கரை இருக்காது.